யாரும் சொல்லாமல் செய்தது

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஓர் அம்மா தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். நான் மேலே மெஷின் அறையில் இருந்தேன். ஒரு கையில் பிரேக், இன்னொரு கையில் சக்கரம், தோளுக்கும் காதுக்கும் நடுவில் இண்டர்காம். இந்தச் சமயத்தில் உள்ளே இருப்பவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயந்துபோய்க் கதவை நெம்பித் திறக்கப் பார்த்தால் ஆபத்து. எங்கள் தொழிலில் பேச்சு பாதி வேலை. சில மெக்கானிக்குகள் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், சிலர் சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். நான் என் மனைவியைப் பற்றிப் பேசுவேன். இருபது வருடத் தொழிலில் அவளைவிடத் தீராத விஷயம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த அம்மாவிடமும் அதையேதான் ஆரம்பித்தேன். என் மனைவி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், நுண்ணுயிரியலில் முதுநிலை படிக்க விண்ணப்பம் போட்டாள், முப்பத்தெட்டு வயதில் நுழைவுத் தேர்வு எழுதி இடமும் வாங்கிவிட்டாள், ஆனால் எந்த உதவித்தொகையைத் தொட்டாலும் முப்பது வயதோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அந்த அம்மா குறுக்கே புகுந்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒண்ணு இருக்குங்க. வேலையில இருந்துட்டு மறுபடி படிக்கப் போற பொம்பளைங்களுக்குன்னே கொடுக்கிறது. வயசு வரம்பு கிடையாது. எல்லாம் விவரமாச் சொல்றேன், முதல்ல என்னைக் கீழ இறக்குங்க."

இறக்கினேன். சொன்ன சொல் மாறாமல் அவரும் ஆறாவது மாடிக்குப் படியேறிப் போய் விண்ணப்பத்தை எடுத்துவந்து என் கிரீஸ் கையில் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என் கால் தரையில் பாவவில்லை.

அதுவரை என் மனைவி ஆறு மாதமாகத் தேடியிருந்தாள். பழைய காலண்டர் தாள்களின் முதுகில் ஒவ்வோர் உதவித்தொகையின் பேரையும் எழுதி, விதிமுறைகளைப் படித்து, பென்சிலால் ஒரு கோடு இழுப்பாள். ஓரிடத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும். ஓரிடத்தில் அப்பா இன்ன துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும். ஓரிடத்தில் கல்யாணமே ஆகியிருக்கக் கூடாது. அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "இதுக்கு மட்டும் நீங்க மனசு வச்சா வழி உண்டு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கோட்டை இழுக்கும்போது பென்சில் முனை உடைந்தது. அவள் சம்பளம் நின்றால் வீடு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அப்படியும் நின்றுவிடலாம். கல்லூரிக் கட்டணத்துக்கு எந்தக் காலும் மிச்சமில்லை. இந்த வருடம் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

புது விண்ணப்பத்தை ஒரே வாரத்தில் நிரப்பிவிட்டாள். மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அதில் அவர் ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் எழுத வேண்டும். விண்ணப்பதாரர் யாரும் சொல்லாமல் தானாகச் செய்த ஒரு காரியத்தை விவரிக்கவும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். அவளுடைய தலைமை ஆய்வாளரிடம் கேட்டாள். நல்ல மனிதர். அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். "நீங்களே எழுதிட்டு வாங்கம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டார். எந்த அலுவலகத்திலும் அப்படித்தானே நடக்கிறது. கேட்டதும் எனக்குப் பாதிக் கிணறு தாண்டிவிட்டது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எழுதி முடித்ததை வாங்கிப் பார்த்தேன். நான்கு வரி. நேரத்துக்கு வருவார். பாட்டில்களைச் சுத்தமாக வைத்திருப்பார். தேவையில்லாமல் விடுப்பு எடுக்கமாட்டார். நன்னடத்தை உடையவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"புது மிக்ஸியோட கொடுக்கிற கேரண்டி அட்டையிலகூட இதைவிட நாலு வார்த்தை கூட இருக்கும்" என்றேன்.

"என்னைப் பத்தி நானே எப்படிங்க எழுதறது? கூச்சமா இருக்கு" என்றாள்.

சரி, நீ சொல், நான் எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். முதல் வரியிலேயே, இவரைப் போன்ற ஒருவர் இந்தத் துறைக்கு இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்று போட்டேன். அடித்துவிட்டாள். அடுத்த வரியையும் அடித்தாள். இப்படியே நான் ஏற்றுவதும் அவள் இறக்குவதுமாக ஒரு மணி நேரம் போனது. ஏதோ ஒரு மாதிரி முக்கால் பக்கம் தேறியது. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. யாரும் சொல்லாமல் தானாக நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே தலையணை உறையை மூன்று தரம் பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பில் குழந்தைகளுக்கு வரிசையாக வாந்தியும் பேதியும் வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. என் மனைவியின் பரிசோதனைக் கூடத்திலிருந்து தினமும் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். எடுத்ததெல்லாம் சுத்தம் என்றே வந்தது. குழாயைத் திறந்து மூன்று நிமிடம் ஓடவிட்டு அதற்குப் பிறகுதான் பாட்டிலில் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தக் குடியிருப்பில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அங்கே யார் மூன்று நிமிடம் வீணாக ஓடவிடுவார்கள்? முதல் சொட்டிலிருந்தே குடத்தை வைத்துவிடுவார்கள். இவளுக்கு அது தோன்றியிருக்கிறது. மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் திறப்பதற்கு முன்பே போய், பதினோரு குழாய்களில் வருகிற முதல் தண்ணீரைப் பிடித்திருக்கிறாள். ஏழு பாட்டிலில் கிருமி. குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் எங்கோ ஒரு விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே இறங்குகிறது, திறந்ததும் அது முதலில் வந்துவிடுகிறது, மூன்று நிமிடத்தில் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. எந்தத் தெருவில் கிருமி அதிகமோ அங்கே தோண்டச் சொன்னாள். இருந்தது விரிசல்.

அந்த அறிக்கையை முழுதாக எழுதியதும் இவள்தான். மேலே அனுப்பியபோது தலைமை ஆய்வாளரின் பெயர் மட்டும் இருந்திருக்கிறது. அதற்காக அவருக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. குடும்பத்தோடு வரச்சொல்லி எங்களையும் அழைத்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கை வலிக்கக் கைதட்டியவன் நான்.

"அன்னைக்கு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க மேடை ஏறியிருப்பீங்க."

அது உண்மைதான். ஏறியிருப்பேன்.

"குழந்தைங்களுக்குச் சரியாப் போச்சு. அது போதும்னு இருந்துச்சு" என்றாள். தலையணை உறையை அடுக்கின் மேல் வைத்தாள். "இப்ப போதல."

என் கையிலிருந்து பேனாவை வாங்கி அந்தப் பத்தியை அவளே எழுதினாள். கூச்சமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, ஓர் அடித்தல் கிடையாது. முதல் தண்ணீரை எடுக்கும் யோசனை இவருடையது, மாதிரிகளை எடுத்ததும் சோதித்ததும் இவர், அந்த மாத அறிக்கையை எழுதியவரும் இவரே. அவ்வளவுதான். ஊரெல்லாம் பெருமை பேசித் திரிகிறவன், இந்த மூன்று வரியைப் பார்த்துப் பயந்துவிட்டேன். இதில் அவர் கையெழுத்துப் போட்டால் தன் பாராட்டைத் தானே திருப்பிக் கொடுத்தது போல ஆகிவிடும். போடாவிட்டால் கடிதமே இல்லை. உறுதுணையாக இருந்தார் என்று கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் யாருக்கும் துணைக்குப் போகலைங்க. தனியாத்தான் போனேன்" என்றாள்.

தலைமை ஆய்வாளர் வியாழன் வரை வெளியூரில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை நானும் விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு போனேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள். வாசலோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லி, வாசலைத் தாண்டி, அவர் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சு வரைக்கும் போய்விட்டேன். அறைக்கதவில் பாதிக்குக் கண்ணாடி. கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே பேசுவதும் கேட்டது. அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, பயணம் எப்படி இருந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, சிரித்த முகமாகப் படிக்க ஆரம்பித்தார். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. அவர் உட்காரச் சொல்லாமல் அந்த நாற்காலிகளில் யாரும் உட்காருவதில்லை. படிக்கப் படிக்க அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"இந்தக் கடைசிப் பத்தி வேணுமாம்மா? மத்ததையெல்லாம் நானே இன்னும் நல்லா எழுதித் தரேன்."

"அதை எடுத்துட்டா அவங்க கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லாமப் போயிடும் சார்."

"இதுல நான் கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். நடந்ததை மட்டும்தான் எழுதியிருக்கேன். உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை இல்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இத்தனை நாள் ஒரு குறையும் வைக்காமல்தானே நடத்தினேன் என்பது மாதிரி ஏதோ சொன்னார். ஆமாம் சார் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டிய கடிதம், வேறு வழி கிடையாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"நீங்க போடலைன்னா இந்த வருஷம் நான் படிக்கப் போகல சார்" என்றாள். "ஆனா அந்தப் பத்தியை எடுத்துட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்."

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது, பெஞ்சை விட்டு எழுந்து நின்றிருந்தேன். அடிப்பாவி, கைக்கு எட்டியதைத் தட்டிவிடப் பார்க்கிறாளே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் நெஞ்சு விம்மிச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது. தேவைப்பட்டால் உள்ளே போய்ப் பேசுவதற்கு வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரிடமும் இத்தனை வருடம் நான் அளந்ததெல்லாம் இவளுக்குப் பாதிகூடக் காணாது என்று அப்போதுதான் புரிந்தது. என் பெண்டாட்டி என்று அந்த வராந்தாவில் போகிற ஒவ்வோர் ஆளையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

குழந்தைகளுக்கு நோய் வந்த அந்த மாதத்துத் தண்ணீர் மாதிரிப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவள் வெளியே வந்து, என்னைத் தாண்டிப் பதிவறைக்குப் போனாள். போகிற போக்கில் என்னைப் பார்க்காமலேயே, "உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். கனமான நீல அட்டைப் பதிவேடு ஒன்றை இரு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்து, அவர் முன்னால் பிரித்து வைத்தாள்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். வரிவரியாக விரலை வைத்துக்கொண்டே போனார். அந்தப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் தெருவும் குழாயும் விடியற்கால நேரமும் பதினோரு வரி இருக்கும். இது அவள் பிற்பாடு சொல்லித் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலேயே மறுபடி மாட்டிக்கொண்டார். பதிவேட்டை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு, கடிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பேனா தாளின் அடியில் காலியாக இருந்த இடத்தில் ஊன்றி, வலது ஓரம் வரைக்கும் போனது. திரும்ப இடது பக்கம் வந்தது, கொஞ்சம் கீழே இறங்கி, மறுபடி நகர்ந்தது. கையெழுத்துப் போடுவதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. மூன்றாவது தரமும் இடப்பக்கம் வந்தது. மேசையில் போன் அடித்து ஓய்ந்தது. அவர் நிமிரவில்லை.

அவள் பதிவேட்டை மேசை ஓரத்தில் வைத்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்தாள். கால்கள் தரையில் கிரீச்சிட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.