கவிழ்த்து வைத்த மங்குகள்

அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப்போயிருந்தது. பெட்ரீசியா அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் அக்காள் ரோசம்மா பால்மரம் வெட்டினாள். பெட்ரீசியா அங்கு வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. ஈப்போவில் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனியில் அவள் டெலிபோன் ஆப்பரேட்டர். உடன் இருந்தவள் கல்யாணமாகிப் போனபின் இரண்டு நாற்காலி வேலையையும் ஒன்றரை வருடம் தனியாகப் பார்த்தாள். அறுபது எண்கள் மனப்பாடம். ஒரு மதியம் லூமுட் கிளையிலிருந்து ஒருவர் பேசினார். யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டாள். சொன்னார். மறுபடி கேட்டாள். பிறகு காதிலிருந்த கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மடியிலிருந்து அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது.

டாக்டர் மூன்று மாதம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை திரும்ப வேண்டும். ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்ப்பதாக மேனேஜர் சதாசிவம் சொல்லியிருந்தார். சரியாகச் செய்தால் வேலை உண்டு.

அக்காள் வீட்டில் அவள் எந்நேரமும் தூங்கினாள். விழித்தபிறகும் தூக்கம் ஈரத்துணிபோல் மேலே கிடந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவதுபோல் கேட்டது. தினமும் லூமுட் எண்ணைச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் இலக்கம் வரை வந்தது. அதற்குப் பின் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

சீட்டில் எழுதி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள் ரோசம்மா. பெட்ரீசியா பழைய டைரியைப் பார்த்து அறுபதையும் எழுதினாள்.

சனிக்கிழமை காலை அக்காளோடு பால்மரக் காட்டுக்குப் போனாள். முன்னால் போய், மரத்தில் கட்டிய, பால் விழும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ரோசம்மா வெட்டியபடி பின்னால் வருவாள். மரங்களுக்கிடையே பனி நின்றது. ஒரு மரம், ஒரு மங்கு. அடுத்த மரம். கைகள் தாமாக இயங்கின. சில மங்குகள் கவிழ்ந்திருந்தன. அவற்றையும் நிமிர்த்தினாள்.

பின்னால் கத்திச் சத்தம் நின்றது.

"அடியே, கோடு போட்ட மரத்துக்கெல்லாம் மங்கு வச்சிருக்கே. என்னாத்தப் புடிக்கப் போறே, பனியவா?"

மரத்தைச் சுற்றி வெள்ளைச் சாயக் கோடு இருந்தது. பெட்ரீசியா அதைப் பார்த்திருந்தாள்தான்; எதற்கென்று தோன்றவில்லை.

"காஞ்ச மரம்லா. ஓயாம வெட்டி பாலு நின்னுப்போச்சு. மங்கக் கவுத்துட்டா யாரும் கத்தி வைக்கக் கூடாது. வேலை வாங்குற மண்டோரே சொன்னாலும்."

"எத்தன நாளைக்கு?"

"சிலது ஆறு மாசம். சிலதுக்கு வருஷம் ஆவும். நடுவுல கொஞ்சம் பாலு கசியும். வந்துருச்சின்னு வெட்டினா, மரம் அதோட சரி."

அப்புறம் பால் வருமா என்று பெட்ரீசியா கேட்டாள். ரோசம்மா கத்தியைப் பாவாடையில் துடைத்தாள். அடுத்த வருடம் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள், அதற்குள் வருமோ என்னவோ என்றாள்.

இருவரும் திரும்பிப் போய்ப் பதினொரு மங்குகளைக் கவிழ்த்தார்கள்.

திங்கட்கிழமை சதாசிவம் பின்னால் நின்றார். பாகான் செராய் கிளைக்கு இணைப்புக் கேட்டார்கள். மடியிலிருந்த சீட்டைப் பார்த்துப் போட்டாள். லூமுட் கேட்டார்கள். போட்டாள். அரை மணி நேரத்தில் ஒன்றும் தவறவில்லை. பரவாயில்லையே என்றார் அவர். அவர் குரலில் நிம்மதி இருந்தது. பெட்ரீசியாவுக்குச் சீட்டிலிருந்த எண்கள் கலங்கத் தொடங்கின.

கருவியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். சீட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"இதப் பாத்துத்தான் போட்டேன் சார். எனக்கு இன்னும் வரல."

சதாசிவம் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சீட்ட வச்சிக்கிட்டே செய்யுங்களேன். யாரு கேக்கப் போறாங்க?"

"ரெண்டு மாசம் செய்வேன் சார். அப்புறம் மறுபடி இதக் காதுலேர்ந்து கழட்டி மடியில வச்சிருவேன்."

அவள் கருவியை மடியில் வைத்த அன்று அவரும் அறையில் இருந்தார். சீட்டை மடித்தார். நாற்காலியைக் காலியாக விட முடியாது, வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றார். தெரியும் என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். சீட்டு அவரிடமே இருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்தாள். மழை வந்தது. தாப்பா தாண்டியதும் லூமுட் எண் தானாக நினைவில் வந்தது. கடைசி இலக்கம் வரை, ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.