தண்ணி தவிக்கு

நகம் வெளுத்துக் கிடந்தது, வலது கைப் பெருவிரலால் இடது கை நடுவிரல் நகத்தை அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணினாள், உடம்பில் ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் இரண்டுக்குள் சிவப்பு திரும்பிவிட வேண்டும், மூன்று, நான்கு, வருகிறது, வரமாட்டேன் வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு வருகிறது, நான்தான் வேகமாக எண்ணிவிட்டேன் என்று தவமணி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுக்களைத் தரையில், அரிசி டிரம்மில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் காலி டம்ளர் உருண்டு கிடந்தது, தண்ணீர் குடிக்கத்தான் எழுந்து வந்தாள், மூன்று டம்ளர் குடித்தாயிற்று, நாலாவதற்குக் குடத்தைச் சாய்க்கும்போது தரை ஒரு பக்கமாகச் சரிந்தது, இவள் விழவில்லை, விழுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள், முப்பத்துநாலு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு எப்போது விழப்போகிறோம் என்று தெரியாதா என்ன. பாளையங்கோட்டைக் கத்திரி வெயில், மணி இரண்டு இருக்கும், ஜன்னலுக்கு வெளியே காக்கைகூட இல்லை, இந்த வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது.

ஊருக்கெல்லாம் உடம்பு பார்த்தவள் தன் உடம்பு என்று வந்துவிட்டால் வக்கீல் ஆகிவிடுகிறாள், எதைக் கேட்டாலும் கையில் ஒரு பதில் வைத்திருப்பாள். தாகமா, வெயில். தலைசுற்றலா, அறுபத்தெட்டு வயதில் சுற்றாமல் என்ன செய்யும். நெற்றியில் இப்படிக் குளிர்ந்து வியர்க்கிறதே, மின்விசிறிக் காற்று அடுக்களைக்கு வருவதில்லை. நேற்றும் இன்றும் வெளிக்குப் போனது தார் மாதிரிக் கறுப்பாகப் போயிற்றே, அது இரும்புச் சத்து மாத்திரை, அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று எத்தனை கர்ப்பிணிகளுக்கு இவளே சொல்லியிருக்கிறாள். முட்டிவலிக்கு ஒரு மாதமாக வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருக்கிற வலி மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு யார் இருக்கிறார்கள், கேட்காததால் பதிலும் தேவைப்படவில்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது, சரி, எல்லாம் வியர்வையாகப் போயிருக்கும். கடைசியில் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினாள், எழுபத்திரண்டு, அழகான எழுபத்திரண்டு, ரத்தம் கசிகிற உடம்பு என்றால் நாடி நூறு, நூற்றிருபது என்று ஓட வேண்டாமா, அவ்வளவுதான், வழக்கு முடிந்தது, ஒன்றுமில்லை, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்துகொள்ளலாம்.

கொட்டாவி வந்தது, இன்னொன்று, தூக்கம் இல்லாத கொட்டாவி, காற்று போதாததுபோல் வாயைப் பிளந்துகொண்டு வருகிற கொட்டாவி, இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தாள், நினைத்ததுமே அடுக்களைச் சுவர் பச்சையாகிவிட்டது, பாதிச் சுவர்வரை பச்சைப் பெயிண்ட் அடித்த அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு, பதினோராம் நம்பர் கட்டில், அதிலும் மத்தியானம்தான், அதிலும் இதே வெயில்தான், முப்பிடாதி கொட்டாவி விடுகிறாள். இருபத்திரண்டு வயசு, இரண்டாவது பிள்ளை, பையன், காலையில் பிறந்தான், தவமணிதான் எடுத்தாள், எடுத்துத் துடைத்து அவள் பக்கத்தில் கிடத்தியபோது நல்லாத்தானே சிரித்தாள், மூக்கு எங்க அய்யாவுக்கு இருக்க மாதிரியே இருக்கு சிஸ்டர் என்றாள். மத்தியானம் போல, சிஸ்டர், தண்ணி தவிக்கு என்றாள், கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், சிஸ்டர், தண்ணி தவிக்கு, மனசு ஒரு நெலையில இல்ல, என்னமோ போல இருக்கு. தவமணி வந்து பார்த்தாள், பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, துணியைப் பார்த்தாள், துணி சுத்தமாகத்தான் இருந்தது, நாடி கொஞ்சம் வேகம், பிள்ளை பெற்ற களைப்பு, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள், நூற்றுப்பத்துக்கு எழுபது, அதைவிட என்ன வேண்டும், எழுதிக்கொண்டாள். மூன்றாவது தடவை முப்பிடாதி கையைப் பிடித்துக்கொண்டாள், ஜில்லென்ற கை, அந்த வெயிலில் ஜில்லென்ற கை, சிஸ்டர், தண்ணி என்று தொடங்குமுன்பே இவள் கையை உதறிக்கொண்டு, சும்மா தண்ணி தண்ணின்னு உசிர எடுக்காதட்டி, உலகத்துல நீதான் பிள்ள பெத்தியா, கண்ண மூடிப் படு என்றாள். அந்தப் பெண் சொன்னபடி கேட்டாள், கண்ணை மூடிப் படுத்தாள்.

ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே, கர்ப்பப்பைக்குள்ளேயே தேங்கியிருந்தது, இளம் உடம்பு, கடைசிச் சொட்டுவரை பிரஷரைத் தாங்கிப் பிடித்திருந்துவிட்டு ஒரேயடியாகக் கையை விட்டது, டாக்டர் ஓடிவந்து, எல்லாரும் ஓடிவந்து, பிறகு நடந்தது எதையும் தவமணி இன்றுவரை வரிசையாக நினைத்துப் பார்த்ததில்லை. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, நோட்டில் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று இருந்தது, முத்து முத்தான கையெழுத்து. முப்பிடாதி மூன்று தடவை தண்ணீர் கேட்டாள் என்பது மட்டும் எந்த நோட்டிலும் இல்லை, அது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஒரு ஆள் கல்யாணம் வேண்டாம் என்றதற்கும், அக்கா வீட்டோடு போய் இருக்காமல் இந்த இரண்டாம் மாடி ஃபிளாட்டில் தனியாக வந்து கிடப்பதற்கும் அதுதான் காரணமா என்றால் அப்படியெல்லாம் இல்லை, ஆனால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைத் தொட்டுப் பேசினால் தவமணிக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றும், இழுத்துக்கொள்கிறவளிடம் எத்தனை பேர் எத்தனை நாள் வருவார்கள், அக்காவும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

முப்பிடாதி அடுக்களை வாசலில் நின்றாள், ஆஸ்பத்திரிச் சேலையோடு, தலையில் கனகாம்பரம், எந்த நோயாளிக்கு வார்டில் பூ வைத்தார்கள், ஆனாலும் வைத்திருந்தாள், குடத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், கோபம் ஒன்றும் இல்லை முகத்தில், நீங்க எத்தன டம்ளர் குடிச்சீங்க சிஸ்டர் என்று கேட்டாள், மூன்று என்றாள் தவமணி, இன்னும் தவிக்கா என்றாள் அவள், தவிக்கு என்றாள் இவள், சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் சட்டென்று விழித்துக்கொண்டாள், வாசலில் யாரும் இல்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, கை ஜில்லென்றிருந்தது, அப்போதுதான் காலையில் விழுங்குகிற இன்னொரு மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, பிரஷருக்கு, பன்னிரண்டு வருஷமாக. நெஞ்சுத் துடிப்பை ஓடவிடாமல் கடிவாளம் போட்டு வைக்கிற மாத்திரை அது, வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, ரத்தம் பாதி கறுப்பாக வெளியே போனாலும் நாடி எழுபத்திரண்டில் நல்ல பிள்ளையாக நடக்கும், நாடியை எண்ணத் தெரியாதவளாக இருந்தால் இந்நேரம் பயந்து நாலு பேரைக் கூப்பிட்டிருப்பாள், எண்ணத் தெரிந்ததால் எண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அன்றைக்கும் எண்ணை நம்பினாள், இன்றைக்கும் எண்ணை நம்பினாள், அன்றைக்கும் தாகம் என்று சொன்னவளை நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. அட பாவி மட்டி, செத்துக்கொண்டிருக்கிறாய் என்றாள் சத்தமாக, பயம் வந்தது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சாகக் கூடாது என்று இருந்தது.

போன் படுக்கையறை மேஜையில் சார்ஜில் கிடக்கிறது, அது தூரம், வாசல் கதவுதான் கிட்டத்தில். நிற்கக் கூடாது, நின்றால் மிச்ச ரத்தமும் காலுக்கு இறங்கிவிடும், மல்லாந்து கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் தவழ வேண்டும், டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு தவழ்ந்தாள், மொசைக் தரை குளிர்ந்தது, நைட்டி முழங்காலில் சிக்கியது, வழியில் இரண்டு தடவை கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டாள், படுத்திருப்பது சுகமாக இருந்தது, அந்தச் சுகம்தான் மோசம் என்றும் தெரிந்திருந்தது. கதவடிக்கு வந்து, கீழ்த் தாழ்ப்பாளைப் படுத்தபடியே நீக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தபோதுதான் மேல் தாழ்ப்பாள் கண்ணில் பட்டது, தனியாக இருக்கிறவள், கீழ்த் தாழ்ப்பாள் போதாதென்று ஆசாரியை வரவழைத்து மேலேயும் ஒன்று அடித்து வைத்தது இவள்தானே, யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று, யாரும் வரவில்லை, பத்து வருஷமாக அந்தத் தாழ்ப்பாள் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது.

எதிர் வீட்டில் செண்பகவல்லி இருக்கிறாள், இந்நேரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் எட்டு மாதம் ஆகிறது, கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கேபிள்காரர், மேல் வீட்டு இஞ்சினியர் என்று அவள் சண்டை போடாத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது, தவமணியின் முறை தண்ணீர்த் தொட்டியில் வந்தது, மோட்டாரை யார் அணைக்கவில்லை என்று ஆரம்பித்து, ஒண்டிக்கட்டைக்கு என்னத்துக்கு இவ்ளோ தண்ணி, குளிச்சா யாரு பாக்கப் போறா என்று மாடிப்படியில் நின்று கத்தினாள், தவமணி கதவைச் சாத்திக்கொண்டாள், ஒண்டிக்கட்டை என்ற வார்த்தை கதவுக்குள்ளும் வந்துவிட்டது, நாலு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒன்று, மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தால் செண்பகவல்லி சண்டைக்கு வராமல் இருக்கமாட்டாள், உதவிக்குக் கூப்பிட்டால் வருவாளோ என்னவோ, சண்டைக்கு நிச்சயம் வருவாள். தவமணி எவர்சில்வர் டம்ளரால் கதவைத் தட்டினாள், டங் டங் என்று, நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் டங் டங்.

யாருது அது, மனுசர் ஒரு கண்ணு அசர முடியுதா இந்தக் கட்டடத்துல என்ற குரல் எதிர்க்கதவு திறக்கும்போதே வந்தது, அந்தக் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தவமணி நினைத்ததே இல்லை. செம்பகம் என்றாள், குரல் வரவில்லை, மறுபடியும் செம்பகம், முடியல, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு என்றாள், வெளியிலிருந்து கதவைப் படபடவென்று அடித்தாள் அவள், சிஸ்டர், கதவத் திறங்க, சிஸ்டர், சிஸ்டர். எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தாள், கை மேல் தாழ்ப்பாளுக்குப் போனது, கண்ணுக்கு முன்னால் ஓரங்களிலிருந்து கறுப்பு நெருங்கி வந்தது, தாழ்ப்பாள் இறங்கிய சத்தம் கேட்டது, அது தாழ்ப்பாளா, மாத்திரைத் தட்டு கீழே விழுந்த சத்தமா, பச்சைச் சுவர், பதினோராம் நம்பர் கட்டிலில் இப்போது தவமணி படுத்திருக்கிறாள், முப்பிடாதி நர்ஸ் உடையில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள், எட்டு, ஒன்பது, பத்து, என் பக்கம் வருவாளா, வந்தால் என்னிடம் என்ன கேட்பாள், தவமணி கண்ணை மூடமாட்டேன் மூடமாட்டேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

கண் திறந்தபோது தன் இரண்டு காலும் செண்பகவல்லியின் மடியில் இருந்தன, டீவியில காலத் தூக்கி வைக்கச் சொன்னாங்க சிஸ்டர், சரிதானா என்றாள் அவள், முகமெல்லாம் வேர்த்து, கூந்தல் அவிழ்ந்து, சரி என்று தலையசைத்தாள் இவள். தண்ணி தவிக்கு என்றாள். அவள் தண்ணீர் எடுக்க எழப்போனாள், வேண்டாம், இனிக் குடிக்கக் கூடாது, வாய மட்டும் நனைச்சு விடு என்றாள், செண்பகவல்லி முந்தானை நுனியை நனைத்து உதட்டில் ஒற்றினாள், ஒற்றும்போது அழுதாள், எட்டு மாசமா இந்தக் கதவப் பாத்துப் பாத்துப் போவேன், வாய் வராது சிஸ்டர் என்றாள். ஆம்புலன்ஸ் வந்து, படியேறி வந்தவர் நாற்பது வயதுக்காரர், வேலை மிகுதியில் களைத்த மனிதர், விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார், பல்ஸ் எழுவத்தி ரெண்டு, நல்லாத்தான இருக்கு, வெயில் மயக்கமா இருக்கும், மோர் குடிச்சிட்டுப் படுங்கம்மா, சாயந்தரமா பக்கத்துல காட்டிக்கலாம் என்றார். இல்லை என்று சொல்ல தவமணி வாயைத் திறந்தாள், கொட்டாவிதான் வந்தது, மாத்திரை, கறுப்பு, என்று இரண்டு வார்த்தை வந்தது, அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார், அந்த நூற்றுப்பத்துக்கு எழுபது எவ்வளவு நிம்மதியான எண்ணாக இருந்தது என்று தவமணிக்குத்தான் தெரியும், அவரைக் கோபிக்க இவளுக்கு யோக்கியதை இல்லை.

செண்பகவல்லிக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை, ஆரம்பித்தாள், கட்டடமே கேட்டது, என்ன ஆளுய்யா நீரு, அவங்க தண்ணி தவிக்குன்னு சொல்லுதாங்கள்லா, மாத்திர, கறுப்புன்னு என்னமோ சொல்லுதாங்கள்லா, அதக் காதுல வாங்காம பெட்டிய மூடுதீரு, முப்பது வருசம் நர்ஸா இருந்தவங்க, சும்மா சொல்லுவாங்களா, எட்டு மாசம் ஒருத்தர்ட்ட வாயத் திறக்காத மனுசி கதவத் தட்டிக் கூப்பிட்டிருக்காங்க, கையத் தொட்டுப் பாருமய்யா, ஐஸா இருக்கு. அவர் பெட்டியைக் கீழே வைத்தார். குனிந்து தவமணியின் கையை எடுத்தார், இந்தத் தடவை கருவி இல்லை, என்ன மாத்திர போடுதீங்கம்மா என்று வாயருகே காதைக் கொண்டுவந்தார், நெஞ்சு, துடிப்பு, மாத்திரை என்றாள், கேட்டதும் பெருவிரலால் நடுவிரல் நகத்தை அழுத்தி, விட்டார், உதடு அசையாமல் எண்ணினார், தவமணியும் கூடவே எண்ணினாள், ஐந்தில் அவர் முகம் மாறியது, ஸ்ட்ரெச்சரக் கொண்டா என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

கூட யாரு வாறா என்று வண்டியில் ஏற்றும்போது கேட்டார்கள், தவமணி வழக்கமான பதிலைச் சொல்லப்போனாள், யாரும் இல்லை, அதற்குள் செண்பகவல்லி செருப்புக்கூடப் போடாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள், கையில் இரண்டு வீட்டுச் சாவியும் இருந்தன. இரண்டு கையிலும் ஊசி ஏறி, தலைக்குமேல் பாட்டில் ஆடியது, வண்டி அலறிக்கொண்டு போயிற்று, அந்த மனிதர் செய்ததைப் பார்த்து வைத்திருந்தாள் போல, செண்பகவல்லி இவள் நடுவிரலைப் பிடித்து, மஞ்சள் படிந்த பெருவிரலால் நகத்தை அழுத்தி அழுத்தி விட்டு, தப்பும் தவறுமாக, ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் மெதுவாகவும் எண்ணிக்கொண்டே வந்தாள். எத்தனை நகத்தை அழுத்தியிருப்பாள் தவமணி, அழுத்தப்படுகிறவளுக்கு எண்ணிக்கை தெரியாது, ஒரு கை தன் கையைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது, பதினோராம் நம்பர் கட்டிலில் ஒரு ஜில்லென்ற கை நீண்டு வந்தது அதற்குத்தான், அதை உதறினேன், செம்பகம், நான் உதறினேன் என்றாள். என்ன சொல்லுதீங்க சிஸ்டர், சரியாக் கேக்கல. ஒண்ணுமில்ல, தண்ணி தவிக்கு. தெரியும் சிஸ்டர், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், இந்தா வந்துட்டு ஆஸ்பத்திரி, நீங்க கண்ண மூடாதீங்க. தவமணி கண்ணை மூடவில்லை, கையையும் இழுத்துக்கொள்ளவில்லை, நகம் வெளுத்தது, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று செண்பகவல்லி எண்ணினாள், சிவப்பு வந்தது.