சங்கையாவின் காட்டில் கிடைத்த காசுகள்

ஆவணி மாதத்தில் ஒரு காலை சங்கையாவின் நாய் செத்துப்போனது. மனைவி யோகலட்சுமி இறந்த பிறகு வீட்டில் அவரோடு இருந்த ஒரே உயிர் அது. துணைக்குக் கூப்பிடத் தெருவில் ஆளில்லை. பட்டாசுக் கம்பெனி வேன் எல்லாரையும் சிவகாசிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அவரே நாயைத் தூக்கிக்கொண்டு போய், தன் கரிசல் காட்டின் ஓரத்தில் குழி வெட்டினார்.

முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி ஒரு சின்னக் கலயத்தில் இடித்தது. உள்ளே பொற்காசுகள். எல்லாவற்றிலும் ஒரே ராஜாவின் முகம்.

'யார்கிட்டச் சொல்றது?' என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பிள்ளைகள் இல்லை. பக்கத்துக் காடு தம்பி பால்பாண்டியுடையது. பாகம் பிரித்த சண்டைக்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. தம்பி காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு, திருத்தங்கலில் அச்சகம் வைத்திருந்தான். சங்கையா நாயைப் புதைத்துவிட்டு, கலயத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறினார்.

மறுநாள் தொல்லியல் துறையிலிருந்து சுகிர்தா என்ற அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார்.

"ஐயா, இது ரோமாபுரிக் காசு. இந்த ராஜாவும் அவரோட அண்ணனும் சாம்ராஜ்யத்தை ஆளுக்குப் பாதியா ஆண்டாங்க. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகல. கொஞ்ச காலத்துல தம்பியோட பாதி நொறுங்கிப்போச்சு."

"அண்ணன்காரரு உதவிக்குப் போகலையாம்மா?"

"அவரு அதுக்குள்ள செத்துட்டாருய்யா."

சங்கையா பக்கத்துத் தரிசுக் காட்டைப் பார்த்தார். பிறகு, "இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். சுகிர்தாவுக்கு வேறு ஊரில் வேலை இருந்தது. ஜீப் கிளம்பிவிட்டது.

பேப்பரில் செய்தி வந்ததும் ஊரே அவர் வீட்டுக்கு வந்து கதை கேட்டது. அந்தக் கூட்டமும் சில நாளில் வடிந்துவிட்டது. அதன்பிறகு ஒருநாள் காட்டுக்குப் போனால், பால்பாண்டி தன் பக்கத்தில் கண்ட இடமெல்லாம் குழி தோண்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"அம்புட்டையும் கவர்மெண்டுக்குத் தூக்கிக் குடுத்துருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயாண்ணே?"

"உன் நம்பர் எங்கிட்ட இல்லயேலே."

பால்பாண்டி மண்வெட்டியைக் கீழே போட்டான். அண்ணனின் போனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு, பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

மழைக்கு முன்னால் அந்தக் குழிகளை எல்லாம் சங்கையா தனியாளாக மூடினார். கடைசிக் குழியை மூடியதும், மண் அப்பிய விரலால் தம்பிக்குப் போன் போட்டார்.

"என்னண்ணே?"

"ஆடு மாடு விழுந்துருமேன்னு உன் பக்கத்துக் குழியெல்லாம் மூடிட்டேன்."

"சரிண்ணே."

தம்பி போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அச்சு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சங்கையா வரப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.