இல்லாத எண்ணுக்கு ஒரு பதில்

கிளினிக்குகளுக்கான மென்பொருளை கிறிஸ்டினா முதலில் ஒழுங்காகத்தான் எழுதினாள். கோடில் சதுர அடைப்புக்குறிக்குள் நோயாளியின் எண்ணைப் போட்டால் அவருடைய விவரம் வரும். அப்படி ஓர் எண்ணே இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லி புரோகிராம் நின்றுவிடும். அந்தக் குறி என்ன செய்ய வேண்டும் என்பது எழுதுகிறவர் முடிவு. எழுதியது அவள், முடிவு செய்தது டீம் லீட் பத்ரி.

“டெமோல நின்னுச்சுன்னா கஸ்டமர் ஓடிடுவான். எண் இல்லன்னா அதுக்கே காலியா ஒண்ணு கிரியேட் பண்ணிக் குடுத்துடு.”

“காலியா இருந்தா அலர்ஜி கட்டத்துல ‘இல்லை’ன்னு காட்டும் சார்.”

“காட்டட்டும். நிக்கக் கூடாது, அவ்ளோதான்.”

வேலை நிரந்தரமாகும் மாதம் அது. அவள் வாயை மூடிக்கொண்டு மாற்றினாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பம்மலில் கிறிஸ்டினா வீட்டார் வழக்கமாகப் போகும் கிளினிக் அந்த மென்பொருளையே வாங்கியது. அம்மா அருள்மேரிக்குப் பெருமை தாங்கவில்லை. தொண்டை வலியும் காய்ச்சலுமாகப் போனவளிடம், ஊசி போடும் முன் நர்ஸ் ஜாஸ்மின் அலர்ஜி உண்டா என்று கேட்டாள். தனக்குப் பென்சிலின் ஆகாது என்பது அம்மாவுக்கே தெரியும்.

“என்னைய இன்னா கேக்குற? கம்ப்யூட்டர்ல பாரு, எல்லாம் அதுல கீது. என் பொண்ணு எழுதுனது.”

ஜாஸ்மின் எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டாள். பெயர் காலியாக வந்தது. அந்த மென்பொருளில் அது தினப்படி நடப்பதுதான், பெயரை அவளே நிரப்பினாள். அலர்ஜி: இல்லை. பென்சிலின் ஊசியைப் போட்டாள்.

கிறிஸ்டினா ஓடிவந்தபோது அம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்றார் டாக்டர் ராஜகோபால். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஜாஸ்மினிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அழுதுகொண்டு நின்றாள். கிறிஸ்டினா பத்ரிக்கு போன் போட்டால், “தப்பா தட்டுனது நர்ஸு. நம்ம கோடு கிராஷ் ஆகலல்ல? நீ வாயத் திறக்காத” என்றான்.

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ எழுதுனது தப்பாவாதும்மா. அந்தப் பொண்ணுதான் கவனிக்கல.”

கிறிஸ்டினாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. டாக்டரிடம் சொன்னாள்: “தப்பு அவங்க மேல மட்டும் இல்ல சார். எண் தப்புன்னு அது நின்னிருக்கணும். நிக்காத மாதிரி எழுதுனது நான்.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் பிடி தளர்ந்தது.

“இப்டி ஆவும்னு தெரிஞ்சேவா எழுதுன?”

இல்லை என்று சொல்ல கிறிஸ்டினாவுக்கு வாய் வரவில்லை.