சச்சி மாமாவைக் கடந்து போன தபால்பெட்டி

1.

இந்தக் கதை ஒரு தோல் ஜாக்கெட்டிலிருந்து வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நான் மயங்கியது ஜாக்கெட்டைப் பார்த்து. ஆள் பிறகுதான்.

2009 ஏப்ரல். ஊரில் போரை நிறுத்து என்று லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் மழைக்குள் நிற்கிறது. குடை, கொடி, குழந்தைகள். நடுவில் அறுபது தாண்டிய ஒருவர், கறுப்புத் தோல் ஜாக்கெட், முதுகில் சிறகு முளைத்த மண்டையோடு. எனக்கு இருபத்திரண்டு வயது, பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். (வீட்டில் அதற்கு 'டொங்கு டொங்கு' என்று பெயர்.) மண்டையோட்டைக் கண்டதும் கால் தானாகப் போய்விட்டது.

"அங்கிள், இது எந்த ரொக் பாண்ட்?"

"பாண்ட் இல்லைப் பிள்ளை. நான் நடிச்ச படம்," என்றார் சச்சிதானந்தன்.

2.

தொடக்கம் எழுதிப் பார்க்கிறேன்.

லண்டன் தெருவை ஓர் இடி கிழித்துக்கொண்டு

வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது.

1971இல், கணக்கியல் படிக்க வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் தலைமயிர் வெட்டுவதை நிறுத்தினான்.

இது பரவாயில்லை. மயிர் தோளைத் தொட்டபோது பரீட்சையை விட்டார். இன்னும் வளர்ந்தபோது ஒரு ரொக் குழுவோடு வான் வண்டியில் ஊர் ஊராகப் போய் டாம்பரின் தட்டினார். ஒழுங்கான வேலைக்கே போவதில்லை என்று சத்தியம் செய்தவர்களோடு, யாரும் குடியிருக்காத வீடொன்றில் புகுந்து இருந்தார். போர் வேண்டாம் என்ற ஊர்வலம் எல்லாவற்றிலும் நடந்தார். குழுவின் டிரம்மர் ரெஜ்தான் அவரை ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல் படத்தில் நடிக்கக் கூட்டிப்போனது. அந்தக் காலத்துப் படங்களில் எங்கள் நிறத்து ஆள் என்றால் சாமியார், இல்லாவிட்டால் பஸ் கண்டக்டர். இவர் மோட்டார் சைக்கிளில் போனார். வசனம் கிடையாது. தலைமயிர் பறக்க, நேரே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அவ்வளவுதான்.

அவர் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில் இன்றைக்கும் அவர் 'மோட்டச்சைக்கிள் சச்சி'தான்.*

* அவர் மோட்டார் சைக்கிள் ஓடியதைக் கண்ணால் கண்டது யார் என்று விசாரித்தேன். எல்லோரும் வேறு யாரோ கண்டதாகச் சொன்னார்கள். (இந்தக் குறிப்பை முதலில் மறைத்து வைத்திருந்தேன்.)

3.

அதே 2009 செப்டெம்பரில் ரெஜ் இறந்துபோனார். தன் மோட்டார் சைக்கிளைச் சச்சிக்குக் கொடு என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். மகள் அதை ஒரு வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். அடுத்த ஞாயிறு ரெஜ்ஜின் நினைவாக ஒரு சின்னத் தியேட்டரில் அந்தப் படம் போடுகிறார்கள். பழைய கூட்டாளிகள் எல்லோரும் வண்டிகளில் வருவார்கள், முன்னால் சச்சி போகவேண்டும் என்பது ஏற்பாடு.

நான் கதைக்காக அந்தப் படத்தின் டிவிடியைத் திரும்பத் திரும்பப் போட்டேன். அதற்குள் எனக்கு மாமாவாகிவிட்ட சச்சியின் பின்னால் தெரு ஓடுகிறது. சிவப்புத் தபால்பெட்டி, அடியில் காலைத் தூக்கிய நாய். மரங்கள். மறுபடியும் தபால்பெட்டி. அதன் அடியில் அதே நாய், அதே காலைத் தூக்கியபடி.

என் கதாநாயகன் மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இதுதான்.

அவர்கள் வீட்டில், அவர் மனைவி வேதவல்லி மாமி தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மாமா, நீங்கள் மோட்டச்சைக்கிளை உண்மையா ஓடினனீங்களோ?"

அவர் குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சைக்கிளை நிலத்திலை பூட்டி வைச்சவங்கள். பின்னுக்குத் திரையிலை ரோட்டு ஓடும். முன்னுக்கு, மயிர் பறக்க, பெரிய காத்தாடி. பின்னாலை குந்தியிருந்து ஆட்டினவன் ரெஜ்."

"பிறகு பழகேல்லையோ?"

"அவன் பழக்கித்தான் பாத்தவன். ரெண்டு காலும் நிலத்தை விட்டு எழும்பினால் நான் சைக்கிளை விட்டிட்டுக் குதிச்சிடுவன். பிள்ளை, பாட்டு உண்மை. ஊர்வலம் உண்மை. ஜாக்கெட் உண்மை. ஓட்டம் மட்டும்..."



"மாமிக்குத் தெரியுமோ?"

"ஐயோ! அவள் யாழ்ப்பாணத்திலை அந்தப் படத்தைப் பாத்திட்டுத்தான் கலியாணத்துக்கு ஓம் எண்டவள். ஞாயிற்றுக்கிழமை முதுகு பிடிச்சிட்டுது எண்டு சொல்லுவன். கதையிலை என்னை ஓட விடு. உன்ரை கதைதானே?"

ஓட விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கை மீறிவிட்டாள் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கதை முடியவில்லை.

4.

முதுகு வலி நல்ல திட்டம். மாமி அதைக் கெடுத்தார். சில்லில் உருளும் புதுச்சாமான் எதுவும் அம்மனிடம் காட்டாமல் வீட்டில் நிற்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். சரி, சந்தனம், குங்குமம், கற்பூரம், அவ்வளவுதானே என்று மாமாவும் நானும் தலையாட்டினோம். ஆயுள் முழுக்க பஸ்ஸில் போன மனிதர், கார் இல்லாத நான். வாகனப் பூசையின் கடைசியில் என்ன செய்வார்கள் என்று இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ரெஜ்ஜின் மகள் மோட்டார் சைக்கிளை வானுக்குள் ஏற்றி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குக் கொண்டுவந்தாள். ஐயர் பெற்றோல் டாங்கில் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார். முன் சில்லுக்கு அடியில் ஒரு தேசிக்காய் (உங்களுக்கு எலுமிச்சை), பின் சில்லுக்கு ஒன்று. தட்டில் இரண்டு மிஞ்சின.

"காரெண்டு நினைச்சு எடுத்திட்டன்," என்றார் ஐயர். பிறகு, "ஏறுங்கோ. தேசிக்காய் நசிய முன்னுக்கு எடுங்கோ."

மாமா என்னைப் பார்த்தார். நான் தேசிக்காயைப் பார்த்தேன்.

"எனக்கு முதுகு..."

"மோட்டச்சைக்கிள் சச்சிக்கு முதுகோ! ஒருக்கா ஏறுங்கோ அண்ணை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கோவிலுக்கு வந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு கூடிவிட்டார்கள். அந்த வருடம் எங்கள் சனம் சிரித்துக்கொண்டு கூட்டமாய் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரெஜ்ஜின் மகள் உதைத்து ஸ்டார்ட் செய்து கொடுத்தாள். மாமா ஏறினார். இரண்டு காலும் நிலத்தில்.

5.

முடிவு அ: தேசிக்காய் நசிகிறது, மாமா தலைமயிர் பறக்கப் போகிறார். முடியாது. இப்போது வழுக்கை.

முடிவு ஆ: வண்டி பாய்ந்து, மாமா வாசலில் கிடக்கும் செருப்புக் குவியலுக்குள் விழுகிறார். எழுதி அழித்துவிட்டேன். எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்டதை மட்டும் சொல்கிறேன். மாமி சேலையைச் செருகிக்கொண்டு அவர் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"உங்கடை முதுகுக்கு ஒண்டுமில்லை."

"வேதா, வீட்டை போய்ச் சொல்லுறன்..."

"என்னத்தை? அந்த நாய் வழி முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டு நிண்டதையோ? கொட்டகையிலை படம் பாத்த அண்டைக்கே கண்டிட்டன்."

மாமாவின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"தெரிஞ்சுகொண்டோ ஓம் எண்டனீர்?"

"ஓடாத சைக்கிளிலை இருந்து இப்பிடிச் சிரிக்கிற மனிசன் எண்டால், வீட்டிலையும் சிரிப்பார் எண்டு நினைச்சன். நினைச்சது பிழைக்கேல்லை. இப்ப பேசாமல் காலைத் தூக்குங்கோ, நான் பிடிக்கிறன்."

மாமி வலப்பக்கம் போய்ப் பிடித்தார்.

"எடி கம்சி, என்ன எழுதிக்கொண்டு நிக்கிறாய்? அங்காலைப் பக்கம் பிடி!"

இடப்பக்கம் நான். இரண்டு கையும் வண்டியில் இருக்கிறது, இனி என்னால் எழுத ஏலாது. பின்னால், ரெஜ் குந்தியிருந்த இடத்தில், ஓர் ஆள் குறைகிறது. நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள்? வந்து பிடியுங்கள். மாமா ஒரு காலைத் தூக்கிவிட்டார்.