மொட்டை மாடியில் இருந்தவர்கள்

விடுதியின் மூன்றாம் மாடிக் குழாயை யாரோ மூடாமல் போனதில், கீழே வார்டனின் மெத்தை நீச்சல் கற்றுக்கொண்டது. குழாய்க்கு எதிர் அறை மியூட்டினுடையது. வார்டனுக்கு அது போதும்.

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தன்னு சாட்சியோட சொல்லு. இல்லேன்னா ரூமைக் காலி பண்ணு."

மியூட் எங்கள் நண்பன். ஒரு நாள் முழுக்க அவன் பேசுவதை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். எங்களோடு மொட்டை மாடியில் இருந்ததாக அவன் சொல்ல, சாட்சிகளாக ரேடியோ, தடியன், நான் மூவரும் வார்டன் அறைக்கு இழுத்து வரப்பட்டோம்.

"மாடியில யார் யாருடா இருந்தீங்க?"

"நான், இவன், ரேடியோ" என்றான் தடியன், என்னைக் காட்டி.

"ரேடியோ கண்டிப்பா இருந்தான் சார். பேசிப் பேசியே எங்க காதைப் பஞ்சராக்கிட்டான்" என்றேன் நான்.

ரேடியோ பெருமையாகத் தலையாட்டினான். அவன் இடது கன்னம் பன்னைப் போல உப்பியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"இவன் இருந்தானா?" வார்டன் மியூட்டைக் காட்டினார்.

நேர்மையாகவே யோசித்தேன். தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. கொடியில் காய்ந்த தடியனின் பனியன்கூட வந்தது. மியூட் வரவில்லை.

"இருந்த மாதிரி தெரியல சார்."

மியூட்டின் முகம் சுண்டிப்போனது. அடுத்த வாரம் பரீட்சை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்?

"தொட்டி மேல உக்காந்திருந்தேன்டா. ஒரு ஜோக் சொன்னேன். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

"அது ரேடியோ சொன்னதுடா" என்றான் தடியன்.

"ஆமா, நான்தான்" என்றது பஞ்சு.

"என்ன ஜோக்?" என்றார் வார்டன்.

மியூட் எங்களை ஒரு பார்வை பார்த்தான். "வார்டன் விடுற குறட்டையிலயே ஃபேன் சுத்துது, அதான் விடுதிக்கு கரண்ட் பில் கம்மின்னு, சார்."

வார்டன் நிமிர்ந்து ஃபேனை ஒருமுறை பார்த்தார்.

"இதைச் சொன்னது யாரு?"

எங்கள் மூவருக்கும் ஒரே நொடியில் ஞாபகசக்தி திரும்பியது.

"மியூட்தான் சார்" என்றேன்.

"தொட்டி மேல உக்காந்து சொன்னான் சார். நீலச் சட்டை" என்றான் தடியன்.

ரேடியோ எங்களையும் முந்தினான். "நான் மாடிப் பக்கமே போகல சார். பல்லைப் புடுங்கிட்டு வந்து, வாய் கொப்புளிச்சிட்டு நேராப் போய்ப் படுத்துட்டேன்."

"எந்தக் குழாயில கொப்புளிச்ச?"

ரேடியோ பேச்சை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தோம்.

"ஜோக் ரொம்ப சுமார். ஆனா உன் ரூம் உனக்குத்தான், போ" என்று மியூட்டை அனுப்பிவிட்டு, மெத்தையை ரேடியோவின் தலையில் ஏற்றினார் வார்டன். அதே மொட்டை மாடியில்தான் அது காய்ந்தது.

இப்போது இந்தக் கதையை விடுதி முழுக்க ரேடியோதான் சொல்லிக்கொண்டு திரிகிறான். வார்டன் முகத்துக்கு நேராக அந்த ஜோக்கை அடித்தது அவன்தானாம். மியூட் அன்று அந்த அறையிலேயே இல்லையாம்.

தடியனும் ஆமாம் என்கிறான்.