இருட்டில் ஆடிய வெளிச்சம்

கோதண்டபாணிக்கு அந்த வளையங்கள் பிடித்துப்போய்விட்டன. என் தலைவலி அங்கேதான் தொடங்கியது.

"இன்னாம்மா அமலா, தலைய சுத்தி ஒளிவட்டம்லாம் போட்டுக் கீற! சொல்லவே இல்ல?" என்று கடை டிவிக்கு முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

"அது ஒளிவட்டம் இல்லீங்கண்ணா. கோளாறு."

"நல்லாத்தானே கீது?"

நல்லா இருக்கிறதாம்! திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வீடியோ எடிட்டிங் கடை வைத்து, கல்யாணம், வளைகாப்பு, மாதா தேர் என்று எத்தனையோ வெட்டி ஒட்டியிருக்கிறேன். என் கையை விட்டுப் போகிற படத்தில் ஒரு மனிதர் தலையைச் சுற்றி மரம் அறுத்த மாதிரி வளையம் வளையமாய் நிற்பதா? மானம் போகாதா?

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் அவருடைய அக்கா மகள் சங்கவிக்குக் காது குத்து. எங்கள் பக்கம் இப்போதெல்லாம் தாய்மாமன் மண்டபத்துக்குள் சும்மா நடந்து வந்துவிட முடியாது. மேளம் வேண்டும், பட்டாசு வேண்டும், சீர்த்தட்டு வேண்டும். அதோடு மேடைக்குப் பின்னால் உள்ள பெரிய எல்.இ.டி. திரையில் 'மாமன் என்ட்ரி' என்று ஒரு வீடியோ ஓட வேண்டும். அதற்காக ஓமந்தூரிலிருந்து ஒரு பை வேகவைத்த மல்லாட்டையும் (நிலக்கடலைதான்) ஒரு பென்டிரைவும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

பென்டிரைவில் இருந்தது பழைய செல்போன் வீடியோ. சங்கவி பிறந்த அன்று எடுத்தது. வெளியே புயல் மழை, கரண்ட் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே இருட்டு. துணியில் சுற்றிய குழந்தையைக் கோதண்டபாணி ஏந்திக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் குழந்தையின் அப்பா வேங்கடேசன் நிற்கிறார். ஆயாம்மா யாரோ கோதண்டபாணியின் போனில் எடுத்திருக்கிறார்.

"அந்தாளு மட்டும் வரக்கூடாது. கறுப்படிச்சுடு. சத்தத்தையும் எடுத்துட்டுப் பாட்டு போடு" என்றார் கோதண்டபாணி.

"ஏன், அவரு உங்க அக்கா வூட்டுக்காரர்தானே?"

"பாப்பாவோட மொத பொறந்தநாளு பேனர்ல ஊர்ல கீற அத்தினி பேர் மூஞ்சியும் இருந்துச்சு. என்னுது இல்ல. தாய்மாமன் மூஞ்சி இல்லம்மா! கேட்டா, 'பேனர்ல இல்லன்னா இன்னா மச்சான், நேர்லதான் நிக்கிறியே'ன்னு சிரிக்கிறாரு."

அந்தச் சிரிப்பில் போனதுதான் பேச்சுவார்த்தை. நாலு வருஷம் அவர் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்கா காந்திமதியும் சளைத்தவளில்லை. "என் தம்பி மடியில உக்காராம எம்பொண்ணு காதுல ஊசி படாது" என்று சொல்லிவிட்டாள். குழந்தை மொட்டைக் காதோடு யு.கே.ஜி. வரைக்கும் போய்விட்டது. கடைசியில் அவளே ஓமந்தூருக்கு வந்து, வெற்றிலைபாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"மண்டபத்துக்குப் போவேன். ஆனா அந்தாளு வாய தொறந்து 'மேல வா'ன்னு கூப்டாத்தான் மேடை ஏறுவேன்" என்றார் கோதண்டபாணி.

"அவரு கூப்பிடலன்னா?"

"தட்ட வச்சுட்டு வந்துகினே இருப்பேன்."

வேங்கடேசனோ, வருகிறவன் வரட்டும், நான் ஏன் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அழகான குடும்பம். நடுவில் அந்தப் பிள்ளையின் காதுதான் பாவம்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். வேங்கடேசன் நின்ற பக்கத்தைக் கறுப்பாக்கி, ஓரம் தெரியாமல் இருக்க மெதுவாக இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கரைய விட்டிருந்தேன். வினையே அதில்தான். கறுப்பிலிருந்து சாம்பலுக்கு இறங்க நிறையப் படிகள் வேண்டும். படிகள் போதாவிட்டால் ஒவ்வொரு படியும் ஒரு கோடாகத் தெரியும். அதுதான் இவருடைய ஒளிவட்டம். போனில் தெரியாது. டிவியில் தெரியும். மண்டபத்துத் திரையில் கொடைக்கானல் மலைப்பாதை மாதிரி தெரியும்.

வளையத்தை விரட்டுவது எனக்குப் பெரிய காரியமில்லை. எட்டு பிட்டில் செய்ததை, படிகள் அதிகமுள்ள பதினாறு பிட்டுக்கு மாற்றினேன். படத்தை வழவழவென்று துடைத்து வைத்திருந்த சுத்திகரிப்பையும் எடுத்தேன். அதுவும் போதாமல், கோலமாவைத் தூவுகிற மாதிரி படம் முழுக்க நுண்ணிய புள்ளிகளைத் தூவினேன். கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் கோடுகளைக் கலைத்துவிடும். ரெண்டர் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கிப் பார்த்தால் ஒளிவட்டம் போயே போச்சு.

மறுநாள் வந்த கோதண்டபாணிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒளிவட்டம் எங்கம்மா?"

"அண்ணா, பேசாம மல்லாட்டையை உரிங்க."

ஆனால் இன்னொரு கோளாறு மிச்சமிருந்தது. கறுப்படித்த பக்கத்தின் ஓரத்தில், சுவரில், இருட்டு துடித்துக்கொண்டே இருந்தது. விட்டு விட்டு ஒரு மினுக்கம். இதுவும் நம் கைவேலைதான் என்று நினைத்து ஒவ்வொன்றாக மாற்றினேன். கோப்பின் அளவைக் கூட்டினேன். கிராஃபிக்ஸ் கார்டை விட்டுவிட்டு மெதுவாக ரெண்டர் போட்டேன். ட்யூப்லைட்டை எடுத்தால் வருகிற துடிப்பு போலிருக்கிறதே என்று அதற்கான மருந்தும் கொடுத்தேன். கரண்டே இல்லாத இடத்தில் எந்த ட்யூப்லைட்? புத்தி அவ்வளவு பேஜாராகியிருந்தது. என்ன செய்தாலும் அந்த மினுக்கம் அசையவில்லை.

கடைசியில் கோபம் தலைக்கேறிப் போட்ட எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். கறுப்பு, புள்ளி, பாட்டு எல்லாம் போயிற்று. பென்டிரைவில் வந்தபடியே வீடியோவை ஓட்டினேன். மினுக்கம் அப்போதும் இருந்தது! முதலிலிருந்தே இருந்திருக்கிறது; ஆளை மறைக்கிற அவசரத்தில் நான்தான் கவனிக்கவில்லை. வேங்கடேசன் கையைத் தூக்கி, தன் போன் டார்ச்சைக் குழந்தைமேல் காட்டிக்கொண்டு நிற்கிறார். கை வெடவெடவென்று ஆடுகிறது. ஆளை மறைத்துவிட்டோம், அவர் பிடித்த வெளிச்சம் மட்டும் சுவரில் ஆடிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் அந்த வீடியோவின் சத்தத்தையும் முதன்முறையாகக் கேட்டேன். மழை இரைச்சலுக்கு நடுவே கோதண்டபாணியின் குரல்:

"லைட்ட ஆட்டாத மாமா, பாப்பா முழிச்சிக்கப் போவுது."

"நான் எங்கடா ஆட்டுறேன்? கை தானா ஆடுது மச்சான்."

பக்கத்து நாற்காலியில் மல்லாட்டை உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணா, உங்க மூஞ்சி தெரியறதே அவரு காட்டுன வெளிச்சத்துலதான். அவரு இல்லாம இந்தக் கோளாறு போகாது. நான் என்ன மாயமா பண்ண முடியும்?"

கீழே விழுந்த தோலைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். பிறகு, "கைய மட்டும் வை" என்றார்.

"என்னது?"

"கை. டார்ச்சு. அவ்ளோதான். மூஞ்சி வேணாம்."

இப்படி ஒரு வீம்பை நான் பார்த்ததே இல்லை. கையை மட்டும் வைத்தேன். மணிக்கட்டில் மேல்மலையனூர் கோயில் சிவப்புக் கயிறு கட்டிய கை, இருட்டிலிருந்து தனியாக நீண்டு வந்து வெளிச்சம் காட்டியது. இப்போது சுவர் மினுங்கினாலும் எதனால் மினுங்குகிறது என்று யாருக்கும் புரியும். "வாட்ஸ்அப்ல மண்டபத்துக்கு அனுப்பிடும்மா, ஜல்தியா முடியும்" என்றார். வாட்ஸ்அப்பில் போனால் இருட்டெல்லாம் நசுங்கிக் கட்டம் கட்டமாகிவிடும். நானே கொண்டுவருகிறேன் என்றேன். கை மட்டும் உள்ளதோடு, முழு ஆளும் சத்தமும் உள்ளதையும் அதே பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மேளம் காதைக் கிழித்தது. சீர்த்தட்டோடு கோதண்டபாணி வாசலுக்கு வந்ததும் விளக்குகளை அணைத்தார்கள். நான் திரை ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினேன். அவ்வளவு பெரிய திரையில் ஒரு கோடு இல்லை, ஒரு வளையம் இல்லை. பட்டுப் போல இருட்டு, அதில் மாமனும் குழந்தையும், அந்தரத்தில் ஒரு கை.

"யோவ்! யாருய்யா என் கைய மட்டும் வெட்டி ஒட்டினது?"

மேடையிலிருந்து வேங்கடேசன்தான் கத்தினார். கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

வாசலிலிருந்து கோதண்டபாணி பதில் கொடுத்தார். "பேனர்ல என் மூஞ்சிய உட்டவரு கேக்குறாரு பாரு!"

நாலு வருஷத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. காந்திமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

வேங்கடேசன் திரையைப் பார்த்தார், தன் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தார். "அது தப்புதான்டா. அன்னிக்கு சிரிச்சதும் தப்புதான். மேல வா மச்சான்" என்றார்.

கோதண்டபாணி அசையவில்லை. என் பக்கம் திரும்பி, "அமலா! முழுசா ஓட்டும்மா!" என்றார். என்னிடம் முழுசும் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் கேட்கிற நேரமா அது? ஓட்டினேன். 'கை தானா ஆடுது மச்சான்' என்கிற குரல் மண்டபம் முழுக்க ஒலித்தபோது அவர் படியேறிக்கொண்டிருந்தார்.

சங்கவி மாமன் மடியில் ஜம்மென்று உட்கார்ந்தாள். சொந்தக்காரர்கள் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றதில் காது குத்த வந்த ஆசாரிக்குக் காது தெரியவில்லை. "யாராச்சும் செல்லு லைட்ட காமிங்கப்பா" என்றார். வேங்கடேசன் போனை எடுத்து நீட்டினார். பெண்ணின் காதில் வெளிச்சம் வெடவெடவென்று ஆடியது.

"லைட்ட ஆட்டாத மாமா" என்றார் கோதண்டபாணி.

விழாவைப் படமெடுத்துக்கொண்டிருந்த ரஞ்சித் கேமராவோடு என்னிடம் ஓடி வந்தான். "அக்கா, காது குத்துற ஷாட்ல ஃபிளிக்கர் ஆவுதுக்கா, வெளிச்சம் மினுக்குது. எடிட்ல எடுத்துடலாம் இல்ல?"

"அதுல கைய வச்சே, தொலைச்சிடுவேன்" என்றேன்.